மருந்துக்கு ஓய்வு

ஜூன் 10, செவ்வாய்

தாரணியின் பள்ளியில் கொடுத்த படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில் 'மொழி வல்லுநர்' என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, விளம்பரம் பாக்கறதுன்னு எழுத வேண்டியதுதான?" என்றாள். பத்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து வாய் கூடிவிட்டது.

அவள் சொன்னதில் பொய் இல்லை. கைப்பேசியில் எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நிற்குமே, அந்த விளம்பரங்கள்தான் என் பிழைப்பு. தமிழில் வருபவை முதலில் சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வரும். ஒன்றுக்கு அரை நிமிடம். விலக்குப் பட்டியலில் இருக்கும் சொல் எதுவும் இல்லையென்றால் பச்சைப் பொத்தான், இருந்தால் சிவப்பு. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, நோட்ஸ் புத்தகம் போடும் அச்சகத்தில் பதினோரு வருஷம் மெய்ப்புப் பார்த்துவிட்டு, இப்போது இது. கூடப் படித்தவர்கள் கேட்டால் 'மொழி சம்பந்தமான வேலை' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் இதில் பெருமை தாங்காது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், "தமிழ்ல எந்த விளம்பரம் வந்தாலும் என்ற பொண்டாட்டி பாத்துட்டுத்தானுங்க உடுவா" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழுக்கு நாங்கள் நான்கு பேர் இருக்கிறோம். நான் திருத்தவில்லை.

ஜூன் 11, புதன்

இன்று பார்த்தவை அறுநூற்றுச் சொச்சம். ஒற்றுப்பிழை இல்லாதவை ஏழு. ஒற்றுப்பிழைக்குச் சிவப்புப் போட விதியில் இடம் இல்லை.

ஜூன் 16, திங்கள்

காலை ஆறரைக்கு ஒரு சொட்டு, மாலை ஆறரைக்கு ஒரு சொட்டு, இரண்டு கண்ணிலும். போன வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கண் நீர் அழுத்தம் என்று கண்டுபிடித்ததிலிருந்து இது என் வேலை. வலி கிடையாது, ஒன்றும் கிடையாது, சொட்டு விட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்ப்பார். நான் இமையைப் பிடித்துக்கொண்டு விடுவேன். ஆறடி ஆள், சொட்டு விழுமுன்னே கண்ணை இறுக்கிக்கொள்வார்.

இன்று மாலை முகம் சரியில்லை. மருந்தினால் கண் எப்போதும் சிவந்தே இருக்கிறது. அவர் ஓட்டும் பள்ளி வேனில் வரும் ஒரு குழந்தையின் அம்மா, "அண்ணா, காலைலயே போட்டுட்டு வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டாளாம். வாழ்க்கையில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர்.

"சொட்டு மருந்துன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே" என்றேன்.

"கண்ணுல கோளாறுன்னு சொன்னா எந்தத் தாய் புள்ளைய வேன்ல ஏத்துவா?" என்றார். அதுவும் சரிதான்.

ஜூன் 20, வெள்ளி

இன்று ஒரு வேலை செய்தேன், மனதுக்குத் திருப்தியாக இருந்தது.

'விழிச்சுடர்த் துளி' என்று ஒரு கண் மருந்து விளம்பரம். மூன்றாவது முறையாக வருகிறது. முதலில் 'கண் கோளாறுகள் அனைத்தும் குணமாகும்' என்று வந்தது. 'குணமாகும்' பட்டியலில் இருக்கிறது, சிவப்பு. அடுத்து 'பூரண நலம் நிச்சயம்'. அதுவும் இருக்கிறது. இன்று, 'மற்ற மருந்துகளை நிறுத்துங்கள்' என்று இன்னும் மோசமாக வந்தது. பொத்தானை அழுத்தப் போனேன். கீழே குறிப்புப் பெட்டியில் விளம்பரக்காரர் எழுதியிருந்தார்: 'ஐயா, எந்த வார்த்தை போட்டால் அனுமதிப்பீர்கள் என்று தயவுசெய்து சொல்லவும். எங்களுக்குத் தமிழில் எழுத ஆள் இல்லை.'

தமிழில் எழுத ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்காது. குறிப்புப் பெட்டியில் நிராகரித்த காரணத்தை மட்டும்தான் நாங்கள் எழுத வேண்டும், வாசகம் சொல்லித்தரக் கூடாது என்பது விதி. நான் எழுதினேன்: 'கண்ணுக்கு ஒளி கொடுங்கள். மருந்துக்கு ஓய்வு கொடுங்கள்.'

அரை மணி நேரத்தில் அப்படியே திரும்பி வந்தது. பட்டியலில் உள்ள ஒரு சொல்லும் அதில் இல்லை. குணமாக்குகிறேன் என்று சொல்லவில்லை, எதையும் நிறுத்து என்றும் சொல்லவில்லை. ஒளிக்கும் ஓய்வுக்கும் மோனை வேறு. பச்சையை அழுத்தினேன். இன்று பிழையில்லாமல் வந்த விளம்பரம் அது ஒன்றுதான்.

ஜூலை 2, புதன்

இனிமேல் சொட்டு மருந்தைத் தானே போட்டுக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். "நீ பஸ்ஸுக்கு ஓடற நேரத்துல எதுக்குப் புள்ள" என்றார். காலையில் பத்து நிமிடம் மிச்சம். தோசைக்குச் சட்னி அரைக்க நேரம் கிடைக்கிறது.

ஜூலை 14, திங்கள்

அவர் கண்ணில் சிவப்பே இல்லை. மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது போலிருக்கிறது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்கிறார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனில் என் வாக்கியம் வந்தது. பச்சை எழுத்தில், கீழே ஒரு தாமரை. அவள் இரண்டு முறை படித்தாள். 'நான் எழுதினது' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் எதனாலோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

அவர் இடது கையால் ரசக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. "கண்ணு எங்கிங்க இருக்குது?" என்று கத்திவிட்டேன். அவர் துணி எடுத்துத் துடைத்தார். பாதியைத்தான் துடைத்தார். மீதியை நான் துடைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வேனின் இடது பக்கம் முழுக்கக் கீறல். ஆட்டோக்காரன் உரசிவிட்டான் என்கிறார்.

தாரணி வேறொன்று கண்டுபிடித்திருக்கிறாள். "அப்பாவுக்கு லெஃப்ட் காது மந்தமாயிருச்சும்மா. அந்தப் பக்கம் போய் நின்னா திரும்பறதே இல்ல. கிட்டப் போனா திடுக்குன்னு தூக்கிவாரிப் போடுது." காது டாக்டரிடம் போகலாம் என்று சொன்னதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

விழிச்சுடர்மீது ஒரு புகார் வந்திருந்தது. 'இதை நம்பி என் அம்மா கண் மருந்தை நிறுத்திவிட்டார், இந்த விளம்பரத்தை எடுங்கள்' என்று யாரோ ஒரு பெண். நான் அனுமதித்தது என்பதால் என் வரிசைக்கே வந்தது. வாசகத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். 'விதிமீறல் இல்லை' என்று மூடினேன்.

வெண்டைக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் படிக்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் ஹாலில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். வேன் சாவி மேசைமேல் இருந்தது. 

கடைசி நிறுத்தத்தில் ஒரு சின்னப் பெண் இறங்கி, வேனுக்கு முன்னால் இடது பக்கமாக நடந்திருக்கிறாள். இவர் பார்த்தவரை ரோடு காலி. வண்டியை எடுத்திருக்கிறார். உள்ளே இருந்த பிள்ளைகள் அலறின பிறகுதான் பிரேக் போட்டிருக்கிறார். பம்பர் அவள் பையில் பட்டு, அவள் உட்கார்ந்த மாதிரி விழுந்தாளாம். ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் பாட்டில் மட்டும் நசுங்கிவிட்டது.

"அந்தப் புள்ள அங்க இல்லவே இல்ல கோதை. சத்தியமா இல்ல" என்றார். "இனி நான் வண்டி எடுக்க மாட்டன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரசக் கிண்ணம், கீறல், தாரணி சொன்ன காது, எல்லாம் இடது பக்கம். "சொட்டு மருந்து ஒழுங்காப் போடறீங்களா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய் அலமாரியில் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். பச்சை லேபிள், கீழே தாமரை.

"மருந்துக்கு ஓய்வு கொடுத்திருக்கறன்" என்றார்.

அப்படியே சொன்னார். ஒரு சொல் மாறாமல்.

பாட்டிலை வாங்கி லேபிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கோபத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். "நிறுத்தலை புள்ள. நிறுத்தச் சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டன். ஓய்வுன்னுதான் போட்டிருந்துச்சு. வண்டிக்கே ஞாயித்துக்கெழமை ஓய்வு குடுக்கறமே, மருந்துக்குக் குடுத்தா என்னன்னு தோணுச்சு. செவப்பும் போயிருச்சு பாரு."

"யாரைக் கேட்டு வாங்கினீங்க?"

"யாரைக் கேக்கோணும்? தமிழ் விளம்பரம் எல்லாம் உன்ற கை வழியாத்தான வருது? தப்பானதுன்னா நீ உட்ருப்பியா?"

 அது நான் எழுதிய வாக்கியம் என்று அவரிடம் சொல்லவில்லை. 'தமிழுக்கு நாலு பேர் இருக்கோம்' என்று மட்டும் சொன்னேன். பந்தியில் சொல்லாததை நேற்று சொன்னேன்.

செப்டம்பர் 6, சனி

கண் ஆஸ்பத்திரி. இருட்டறையில் ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பின்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். இடது ஓரத்தில் புள்ளிகள் வந்து வந்து போயின. அவர் கை சும்மா இருந்தது. அழுத்துங்கள் என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அங்கேயும் விதி. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "போன பார்வை திரும்பாதுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம். வண்டி மட்டும் வேண்டாம்" என்றாள். "யாரு மருந்தை நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க" என்றார் அவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் குழுத் தலைவி ஷெரினிடம் போய், விழிச்சுடர் ஆபத்தான விளம்பரம், தூக்க வேண்டும் என்றேன். வாசகத்தில் தப்பான சொல் எதுவும் இல்லையே என்றாள். என் வீட்டுக்காரரின் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினொரு மணிக்கு விளம்பரம் போய்விட்டது. "சாரி பூங்கோதை. யார் கண்ணுக்கும் படாம போயிருக்கு" என்றாள். குறிப்புப் பெட்டியைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டில் பழைய மருந்தை மறுபடி ஆரம்பித்தாயிற்று. நான்தான் விடுகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவருடைய அக்கா கோபியிலிருந்து போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார். "ஏன்டா சென்னியப்பா, உன்ற பொண்டாட்டி அந்த ஆபீசுலதான இருக்கறா? அவ பாக்க மாட்டாளா?"

"கோதை கைக்கு வந்திருந்தா அன்னிக்கே தூக்கி வீசியிருப்பாக்கா. வேற எவனோ தூங்கிட்டு உட்ருக்கறான்."

நான் அடுப்படியில் பருப்புக் கடைந்துகொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அங்கே வந்து நின்றார். "ஆனா ஒண்ணு புள்ள. அதை எழுதுனவன் தமிழ் நல்லாத் தெரிஞ்சவன். படிச்சா மனசுல ஒட்டிக்குது" என்றார்.

பருப்பைக் கடைந்துகொண்டே இருந்தேன். கூழாகிவிட்டது. தாரணி சாப்பிடவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

'சர்க்கரை மாத்திரைக்கு ஓய்வு கொடுங்கள்.' 'முட்டி மருந்துக்கு ஓய்வு.' இன்று மட்டும் நான்கு கம்பெனிகள். சொல் பிடித்துப் போயிருக்கிறது. நான்குக்கும் சிவப்புப் போட்டேன். பட்டியலில் இல்லாத சொல் என்று நான்கும் மேல்முறையீட்டில் திரும்பி வந்தன. ஷெரின் பச்சை போட்டுவிட்டாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வேனை இப்போது வேறொரு டிரைவர் ஓட்டுகிறார். காலை ஏழு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டால் இவர் எழுந்து கேட் வரை போய் நிற்கிறார். பிள்ளைகள் கையாட்டுகிறார்கள். இடது ஜன்னலில் இருக்கும் பிள்ளைகளுக்கு இவர் கையாட்டுவதில்லை.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வழக்கமாக இன்றைக்கு வேனுக்குத்தான் முதல் பூஜை. இந்த வருஷம் சாவியை மட்டும் புது டிரைவரிடம் வாங்கிக்கொண்டு வந்து, சந்தனம் வைத்து, சாமி முன்னால் வைத்தார். தாரணி கணக்குப் புத்தகத்தை வைத்தாள். தவறாமல் நான் வைப்பது சிவப்புப் பேனா. அச்சகத்தில் கடைசி நாள் வாங்கி வந்தது, இப்போது எழுதாது.

"உன்ற பேனா எங்க?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க."

"எடுத்துட்டு வா. பொரி நமத்துப்போவுது."

பேனா அலமாரியில்தான் இருந்தது. போய் எடுத்தேன். சந்தனம் வைக்கக் கை நீட்டினார். கொடுக்க முடியவில்லை. தாரணியைக் கடைக்கு அனுப்பலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அப்புறம் அவளும் கேட்கட்டும் என்று தோன்றியது.

"மருந்துக்கு ஓய்வுங்கறது நான் எழுதுனதுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னது?"

எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்புப் பெட்டி, தமிழில் எழுத ஆள் இல்லை என்று கேட்டது, மோனை, பச்சை. அந்த அரை நிமிடத்தில் நம் வீட்டில் ஒரு கண் நோயாளி இருப்பதே எனக்கு நினைவில்லை, வாக்கியம் மட்டும்தான் இருந்தது என்றேன். புகார் எழுதிய பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

தாரணி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அவர் சந்தனக் கையைத் துண்டில் துடைத்தார். சாவிக்குக் கற்பூரம் காட்டினார். பொரியை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். 

அக்டோபர் 2, வியாழன்

காலையில் அவரே சொட்டுப் போட்டுக்கொண்டார். கன்னத்தில் வழிந்தது. மறுபடி போட்டார், மறுபடி வழிந்தது. தாரணி போய் இமையைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 3, வெள்ளி

குறிப்புப் பெட்டியில் நான் எழுதியதையும், மூடிய புகாரையும் எடுத்து ஷெரினுக்கு அனுப்பினேன். கூப்பிட்டு அனுப்பினாள். வேலை போய்விடும் என்று நினைத்துச் சாப்பாட்டு டப்பாவைக்கூடப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போனேன். "இனிமே அந்தப் பெட்டியில எழுதாதீங்க" என்று எச்சரிக்கை மட்டும். 'மருந்துக்கு ஓய்வு' என்பதைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். சாயங்காலம் சேர்த்துவிட்டார்கள். இருநூற்றுப் பதிமூன்றாவது வரி. காரணம் என்ற கட்டத்தில் என்ன போடலாம் என்று என்னிடமே கேட்டார்கள். 'உயிருக்கு ஆபத்து' என்று எழுதினேன்.

புகார் எழுதிய பெண்ணின் பெயர் கற்பகவல்லி. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

தாரணிக்குச் சாயங்காலம் சிறப்பு வகுப்பு ஆரம்பித்துவிட்டது. ஆறரைக்கு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மருந்து மேசைமேல் இருந்தது. எடுக்கவில்லை. ஆறு நாற்பது ஆயிற்று. நான் போய்ப் பாட்டிலை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைச் சாய்த்தார். இமையில் விரல் வைத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"கண்ணைத் தொறங்க மாமா."

"மொதல்ல அதுல என்ன போட்டிருக்குன்னு படி."

ஐந்து நாட்களில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. லேபிளைப் படித்தேன். "இங்கிலீசு வேண்டாம். தமிழ்ல சொல்லு" என்றார். மருந்தின் பெயர், எந்த மாதத்தில் செய்தது, எந்த மாதம் வரை நல்லது என்று சொன்னேன். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். எறும்பு எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அழகு பார்க்காமல், இருந்ததை இருந்தபடி. டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது என்ற வரி வந்தது.

"அதை இன்னொருக்காப் படி" என்றார்.

படித்தேன்.

"நிறுத்தக் கூடாதுன்னுதான போட்டிருக்குது? வேற மாதிரி ஒண்ணும் போடலையே?"

"இல்லீங்க. நிறுத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்குது."

அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார்.